பெயர் வெட்டிய டம்ளர்கள்

பார்வதம் வீட்டில் யாருக்கும் தனி டம்ளர் கிடையாது. ஆவடி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவள் வைத்திருந்த சட்டம் அது. திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் அவள் அப்பாவுக்கென்று டீக்கடைக் கூரையில் ஒரு கிளாஸ் செருகியிருக்கும். குடித்துவிட்டு அவரே கழுவித் திரும்பச் செருக வேண்டும். அவர் சாதிக்கு அங்கே அதுதான் வழக்கம். சின்ன வயதில் அதைப் பார்த்து வளர்ந்தவள், தன் வீட்டுக்கு யார் வந்தாலும் கைக்கு வந்த டம்ளரில்தான் தண்ணீர் கொடுப்பாள்.

புருஷன் கஜபதி ஆவடியை ஒட்டிய சேக்காட்டுக்காரர், டாங்க் பேக்டரியில் பிட்டர். வெயில் ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ அவர் கீழுதட்டு ஓரத்தில் நமைச்சல் எடுக்கும். பிறகு பொடிக் கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, உடைந்து, பொருக்குத் தட்டி ஆறும். பல்லி எச்சம் பட்டிருக்கும் என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்.

எண்பத்தேழாம் வருஷக் கோடையிலும் வந்தது. அப்போது மகள் வடிவுக்கு இரண்டு வயது. வேலை முடிந்து வந்ததும் அவளைத் தூக்கி முத்தம் கொடுப்பார். தான் குடித்த டீயில் மிச்சத்தை அவளுக்குப் புகட்டுவார். சில நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தது. ஈறு வீங்கிச் சிவந்தது, நாக்கெல்லாம் புண், எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. பல் முளைக்கிறது என்று பார்வதம் நினைத்தாள்; பிறகு அம்மையோ என்று வேப்பிலை செருகினாள். குழந்தை தண்ணீரைக் கண்டாலே அழுதது. காலையிலிருந்து ஒன்றுக்கும் போகவில்லை என்று தெரிந்ததும் இருவரும் பஜார் பக்கத்து லேடி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டர் குழந்தையின் வாயைப் பார்த்தார். பிறகு கஜபதியின் உதட்டில் இன்னும் உதிராத பொருக்கைப் பார்த்தார். அதுதான் இது என்றார். பல்லி இல்லை, கிருமி. உடம்புக்குள் ஒரு தடவை புகுந்தால் போகாது, அடங்கிக் கிடந்து அவ்வப்போது தலைகாட்டும். கஜபதிக்கும் சின்ன வயதில் யாரோ கொஞ்சித்தான் வந்திருக்கும். உப்புச் சர்க்கரைத் தண்ணீரை ஆறவைத்து ஸ்பூன் ஸ்பூனாக விடாமல் கொடுக்கச் சொன்னார். இனி உதடு நமைக்க ஆரம்பித்ததிலிருந்து முழுசாக ஆறும்வரை யாருக்கும் முத்தம் கூடாது. புண்ணைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். துண்டு, டம்ளர் தனி. முத்தத்தில்தான் அதிகம் பரவும், எச்சில் டம்ளரில் குறைவு, ஆனாலும் வேண்டாம் என்றார்.

"எல்லாம் செய்யறேன் டாக்டரம்மா. தனி டம்ளர் மட்டும் எங்க ஊட்ல வைக்க மாட்டேன்" என்றாள் பார்வதம். ஏன் என்று டாக்டர் கேட்பதற்குள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள்.

குழந்தை மெல்லத் தேறியது. கஜபதி அவள் கிட்டேயே போகவில்லை. வராந்தாவில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு அலுமினிய டம்ளரை வைத்துக்கொண்டு, குடித்ததும் தானே கழுவி ஜன்னல் விளிம்பில் கவிழ்த்தார். பார்வதம் அதைப் பார்த்தாள். போய் அந்த டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"இன்னாமே? கொயந்தைக்காவத்தான வெச்சிகினு கீறேன்" என்றார்.

"உனக்கு மட்டும் தனின்னா அது வேற. எல்லாருக்கும் தனின்னா அது வேற" என்றாள்.

சம்பளம் வந்ததும் பஜாரில் ஒரே அளவில் எவர்சில்வர் டம்ளர்கள் வாங்கி, ஆளுக்கொன்றில் பெயர் வெட்டச் சொன்னாள். வடிவுக்கும் ஒன்று. எல்லாம் ஒரே அலமாரியில், ஒரே வரிசையில். கழுவுவதும் அவளே, சோப்புப் போட்டு ஒன்றாக. துண்டுகளுக்கும் ஆளுக்கொரு ஆணி அடித்தாள்.

மறு வருஷம் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சுசீலாவுக்குக் குழந்தை பிறந்தது. பார்க்கப் போன இருவரிடமும் தூக்கிக்கொள்ளச் சொல்லி நீட்டினாள். கஜபதி வாசலைத் தாண்டவில்லை. "ஒதட்ல கொப்புளம் கீது தங்கச்சி. பச்சக் கொயந்தைக்கு ஆவாது. ஆறினதும் வரேன்" என்றார். சுசீலாவின் அம்மாவுக்கு முகம் சுருங்கியது. பார்வதம்தான் உட்கார்ந்து விளக்கிச் சொன்னாள்.

வடிவு பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது அவள் உதட்டிலும் கொப்புளம் கிளம்பியது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, அப்பாவிடம் "இது உன்கிட்டருந்துதான வந்துச்சி?" என்று கேட்டாள். கஜபதி ஆமாம் என்றார். அவள் கையைக் கழுவிக்கொண்டு படிக்கப் போய்விட்டாள். அவளுக்குப் பின் பிறந்த தம்பி குணசேகரனுக்கு இதுவரை வந்ததில்லை.