ஆக்ஸலின் வினிகர்

லிம்ஃபியோர்டு கடற்கழிக் கரையில் எங்கள் மீன் ஊறுகாய்த் தொழிற்சாலைக்குப் போடில் என்ற பெண் வேலைக்கு வந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அதற்கு முன் ஓர் இரும்புப் பட்டறையின் ஆய்வுக்கூடத்தில், துருவெடுக்கும் தொட்டியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. கெட்டிக்காரி. வேகமானவள். அந்த வேகத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஹெர்ரிங் மீன் ஊறப்போடும் வினிகரை ஆக்ஸல் கொண்டுவருவார். ஊருக்கு வெளியே சொந்தமாகக் காய்ச்சும் கிழவர். கேன்களை இறக்கிவிட்டு, கேன்டீனில் எங்களோடு உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுத்தான் போவார்.

போடில் வந்த வாரமே அவருடைய வினிகரைத் தரம் பார்த்தாள். அமிலம் தீர்ந்ததை நிறம் மாறிக் காட்டும் பினாப்தலின் ஆய்வுக்கூடத்தில் காய்ந்து போயிருந்தது. பட்டறையில் கைப்பழக்கமாயிருந்த மெத்தில் சிவப்பு என்ற வேறொரு நிறங்காட்டியையே குடுவையில் விட்டாள். மேலே அளவுக் குழாயிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் சொட்டச் சொட்ட, பட்டறையில் ஒரே சொட்டில் மஞ்சளாகும் நிறம் இங்கே மெதுவாக, குழம்பிக் குழம்பி வெளுத்தது. அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. சிவப்புப் போன இடத்தில் குழாயை மூடிக் கணக்குப் போட்டாள். இருக்கவேண்டிய அமிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

அதை முதலாளி ஹெனிங்கிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். நேரே கேன்டீனுக்கு வந்துவிட்டாள்.

"ஆக்ஸல், வினிகர்ல எவ்வளவு தண்ணி ஊத்துறீங்க?"

கிழவர் பன்னை மென்றுகொண்டிருந்தார். "என்னம்மா சொல்ற?"

"நான் சொல்லல, குடுவை சொல்லுது. அஞ்சுல ஒரு பங்கு தண்ணி."

"நான் தண்ணி ஊத்துறதில்ல."

"அப்ப மழை பெஞ்சிருக்கும்," என்றான் மீன் வெட்டும் கார்ஸ்டன். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். போடிலும் சிரித்தாள். ஆக்ஸல் மீதிப் பன்னைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த வாரத்துக்குள் ஊரில் அவர் பெயர் 'தண்ணி ஆக்ஸல்'. கடைக்காரர்கள் அவர் சரக்கை நிறுத்தினார்கள். ஹெனிங் நகரத்து ஆலை ஒன்றிலிருந்து வினிகர் வரவழைத்தார்.

போடில் அதையும் தரம் பார்த்தாள். அதிலும் அதே ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

மறுபடி பார்த்தாள். மாறவில்லை. அப்போதுதான் தன் சோதனைமேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. உப்புநீருக்கு வைத்திருந்த பி.எச். மீட்டரைக் குடுவையில் இறக்கி, மிச்சமிருந்த ஆக்ஸலின் வினிகரில் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒவ்வொரு அளவையும் வரைபடத் தாளில் புள்ளியாக வைத்தாள். கோடு முதலில் சற்று ஏறியது. பிறகு வெகுதூரம் மேட்டுநிலம்போலச் சாய்வாகவே போனது. கடைசியில்தான் சுவர்போல் செங்குத்தாக எழுந்தது. அந்தச் சுவரின் நடு, ஏழில் இல்லை. எட்டரையைத் தாண்டி இருந்தது. அங்கேதான் அமிலம் முழுதும் தீர்கிறது. பினாப்தலின் நிறம் மாறும் இடமும் அதுதான். அவளுடைய மெத்தில் சிவப்போ ஐந்தரையை ஒட்டி, சாய்விலேயே, அமிலம் இன்னும் மிச்சமிருக்கும்போதே மாறிவிட்டிருந்தது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் சுவர் மிக உயரம். எந்த நிறங்காட்டியும் அதில் முட்டிக்கொள்ளும். வினிகர் வீரியம் குறைந்த அமிலம். சுவருக்குப் போன காரத்தில் பாதியளவு போன இடத்தில் பி.எச். என்ன என்று பார்த்தாள். 4.8. அசிட்டிக் அமிலத்துக்கென்று கல்லூரியில் மனப்பாடம் செய்த அதே எண். மீட்டர் பொய் சொல்லவில்லை. இனித் தப்பிக்க வழியில்லை. சுவர்வரை கணக்கிட்டால் ஆக்ஸலின் வினிகரில் ஒரு துளி தண்ணீர் கூடுதலில்லை.

அன்று அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. காது மடல் சிவந்திருந்தது. ஹெனிங்கிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"இப்ப எதுக்கு அதைக் கிளறுற?" என்றார் ஹெனிங். "நான் அவருக்கு போன் பண்ணி சரக்கு கேட்டுக்கிறேன். விடு."

அவளால் விட முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆக்ஸல் வீட்டுக்குப் போனாள். அவர் கொல்லையில் பீப்பாய் கழுவிக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னோடது, ஆக்ஸல். நிறங்காட்டியை மாத்திப் போட்டுட்டேன். உங்க வினிகர் சுத்தம். என்னை மன்னிச்சிருங்க."

அவர் நிமிரவில்லை. "கேன்டீன்ல வெச்சு சொன்ன. இங்க கொல்லையில வந்து மன்னிப்பு கேட்டா யார் காதுல விழும்? அந்த வாத்துங்க காதுலயா?"

மறுநாள் காப்பி நேரத்தில் போடில் அந்த வரைபடத்தைக் கேன்டீன் சுவரில் ஒட்டினாள். ஒட்டும்போதே ஒரு மூலை பிய்ந்தது.

"இங்க நான் நிறுத்தினேன். இங்க நிறுத்தியிருக்கணும்," என்று விரலால் காட்டினாள். "ஆக்ஸல் தண்ணி ஊத்தல. நான்தான் அவசரப்பட்டு ஒரு நல்ல மனுசனை உங்க முன்னாடி திருடனாக்கினேன். எல்லாக் கடையிலயும் போய் இதையே சொல்லப் போறேன்."

கார்ஸ்டன் எழுந்துபோய், பிய்ந்த மூலையை விரலால் அழுத்தி ஒட்டினான். சிரித்தவர்கள் நாங்களும்தானே.

கடை கடையாகப் போய்ச் சொன்னாள். சிலர் மறுபடி சரக்கு எடுத்தார்கள். பெயர் மட்டும் சுலபத்தில் போகவில்லை. ஒருநாள் ரொட்டிக் கடையில் யாரோ 'தண்ணி ஆக்ஸல்' என்றபோது, போடில் வாங்க வந்ததை வாங்காமல் வெளியே வந்துவிட்டாள்.

இலையுதிர் காலத்தில் ஆக்ஸலின் வண்டி மறுபடி வந்தது. வாசலோடு நின்றது. காப்பிக்குக் கூப்பிட்டோம், வரவில்லை. போடில் வெளியே போய்க் கேன்களை இறக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு முறையும் அப்படியே செய்தாள். அவர் தடுக்கவுமில்லை, பேசவுமில்லை.

பனி உறைந்த ஒரு காலையில் அவள் கால் வழுக்கியது. "பார்த்து," என்றார் கிழவர், கேனின் மறுபக்கத்தைப் பிடித்தபடி. இருவருமாக அதை உள்ளே தூக்கிவந்து வைத்தார்கள். கேன்டீனிலிருந்து காப்பி வாசனை வந்தது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வண்டிக்குத் திரும்பிப் போனார்.