கட்டைவிரல் போட்ட பூட்டு

தொழிற்சாலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எக்ஸ்பிரஸ் என்றால்தான் தெரியும். தகடு வெட்டும் பிரஸ் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால், இடது கை தகட்டைத் தள்ளும், கால் பெடலை மிதிக்கும், வலது கை வெட்டிய துண்டை எடுத்துப் போடும். மற்றவர்கள் ஒரு பெட்டி நிரப்புவதற்குள் இவர் ஒன்றரைப் பெட்டி நிரப்பிவிடுவார். அந்தப் பட்டப்பெயரில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. கல்யாணமான புதிதில் மனைவியிடம் அளந்த முதல் பெருமையே அதுதான். துணிக்கடையில் உடைகளை அளவு மாற்றித் தைத்துக் கொடுப்பவள் அவள். "எங்க கடையில வேகமா தைக்கறவங்க துணியைத்தான் திரும்பப் பிரிக்க வேண்டியிருக்கும்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். மனிதர் காதில் போட்டுக்கொண்டால்தானே.

போன மாதம் அந்த மெஷின் அவருடைய வலது கட்டைவிரலை அடியோடு எடுத்துக்கொண்டது.

இப்போது அவருக்கு வலியைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. மெஷினுக்கு முன்னால் கை உள்ளே போகாதபடி ஒரு கம்பித் தடுப்பு உண்டு. அதை அவராகவே கழற்றிவிட்டு ஓட்டினார், யாரும் சொல்லவில்லை என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. சூப்பர்வைசர் சொல்லித்தான் கழற்றினேன், போனில் வாய்ஸ் மெசேஜாகவே அனுப்பினார் என்று இவர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். விசாரணை நாளைக்கு. மெசேஜைக் காட்டினால் இவர் பேச்சு எடுபடும். காட்டாவிட்டால் திமிரெடுத்துப்போய் விரலை விட்டவர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

அந்த மெசேஜ் மூன்றே பேர் இருக்கும் குழுவில் வந்தது. ஒருவர் சூப்பர்வைசர், இன்னொருவர் இவர், மூன்றாவது ஆள் பக்கத்து மெஷின்காரன். ஒரு நிமிடம் சும்மா நிற்காததால் அவனுக்கு எறும்பு என்று பெயர். எறும்பிடம் கேட்டால், "என் போன் தண்ணியில விழுந்துடுச்சுண்ணே" என்றான். எந்தத் தண்ணீர் என்று இவருக்குத் தெரியாதா? வேலை போய்விடும் என்ற பயம். ஆனாலும் நல்லவன்தான். தொழிற்சாலை அலமாரியில் கிடந்த இவருடைய போனை முந்தாநாள் அவன்தான் யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து கொடுத்தான்.

போன் வந்தது. திறக்கத்தான் முடியவில்லை. ஒன்பது புள்ளிகளை ஒரே கோட்டால் இணைத்துத் திறக்கும் பூட்டு அது. வருடக்கணக்காக வலது கட்டைவிரல் போட்ட கோடு. எந்தப் புள்ளியில் தொடங்கி எங்கே முடியும் என்று அவர் மனதுக்குத் தெரியவே தெரியாது. விரலுக்குத்தான் தெரியும். அந்த விரல் இல்லை.

இந்த நேரம் பார்த்து, இன்று காலையில் சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்தார். ஒரு வேளை டீ வாங்கிக் கொடுத்தறியாத மனிதர், கையில் புத்தம்புதுப் போனோடு.

"கண்ணாடி விரிஞ்சதை வெச்சுக்கிட்டு என்னய்யா பண்ணப்போற? இது கம்பெனி குடுக்குது. பழசைக் குடு, உள்ள இருக்கறதை எல்லாம் ஆபீஸ்லயே இதுக்கு மாத்திடலாம்."

"சாயங்காலம் வாங்க சார், தேடி வெக்கறேன்" என்று மனைவி முந்திக்கொண்டாள். பழைய போன் அப்போது அவள் தைக்கும் துணிக்கு அடியில் இருந்தது.

புதுப் போனை வைத்துவிட்டு சூப்பர்வைசர் போனதும் இரண்டு போன்களையும் ஒயரால் இணைத்தாள். பழைய போனைத் திறந்தால்தான் மேற்கொண்டு நகர்வேன் என்று புதியது முரண்டு பிடித்தது. சிம்மை மாற்றிப் போட்டாள். நம்பர் வந்தது, பழைய பேச்சு எதுவும் வரவில்லை. அவர் பழைய போனை மேசைமேல் வைத்து இடது கையால் ஒவ்வொரு கோடாக இழுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் தப்பு. இனி அரை மணி நேரம் கழித்து வா என்றது போன்.

மனைவி வெகுநேரமாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள். "நிஜமாவே அவர்தான் சொன்னாரா? இல்ல நீங்களா கழட்டிட்டு..."

அவர் முகம் செத்துப்போனது. "நீயுமா?"

"எனக்கு உங்க வேகம் தெரியும். அதான் கேக்கறேன்."

அவர் கட்டுப் போட்ட கையைத் தடவினார். "அரிக்குது" என்றார். இல்லாத விரல் கொஞ்ச நாளைக்கு இருக்கிற மாதிரியே இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்குச் சட்டென்று ஏதோ தட்டியது.

"என்னங்க, மேசையில வெக்காதீங்க. எப்பவும் பிடிக்கற மாதிரி அந்தக் கையிலயே பிடிங்க."

"விரல்தான் இல்லையே."

"உங்களுக்கு இருக்கற மாதிரிதானே இருக்கு? கண்ணை மூடிக்கிட்டு, பஸ்ல நின்னுட்டு போனைத் திறக்கறதா நினைச்சுக்கோங்க."

கட்டுக்கு வெளியே இருந்த நான்கு விரல்களில் போனைப் பொருத்தினாள். அவர் கண்ணை மூடினார். போன் திரைக்கு மேலே, ஒன்றையும் தொடாமல், கட்டைவிரல் இருந்த இடத்துத் துணிக்கட்டு அசைந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டார். மேலே போனது, குறுக்கே வந்தது, கீழே சரிந்தது. மேசையில் விரித்திருந்த துணியில் அவள் ஒன்பது புள்ளி வைத்து, அந்த அசைவைப் பார்த்துச் சாக்கட்டியால் கோடு இழுத்தாள். "இன்னொரு தடவை" என்றாள். அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். திரும்பத் திரும்ப ஒரே கோடு வரும்வரை அவரை விடவில்லை. அரை மணி நேரம் கழிந்ததும் துணியில் இருந்த கோட்டைத் தன் விரலால் திரையில் போட்டாள்.

போன் திறந்துகொண்டது. அவர் குழுவைத் தேடிக் காட்ட, அவள் வாய்ஸ் மெசேஜைத் தட்டினாள்.

"ரெண்டு பேரும் தடுப்பைக் கழட்டிட்டு ஓட்டுங்க. இந்த வாரம் சரக்கு போயாகணும். நான் பாத்துக்கறேன்." சூப்பர்வைசரின் குரலேதான்.

அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "சந்தேகப்பட்டது தப்புதாங்க" என்றாள். அதற்குள் போன் அடுத்த மெசேஜைத் தானாகவே போட்டது. எறும்பின் குரல்.

"அண்ணே, தடுப்பு இல்லாம எனக்குப் பயமா இருக்கு. நான் கழட்டலை."

அதற்கடுத்தது இவருடைய குரல். பின்னால் மெஷின் சத்தம், நடுவில் சிரிப்பு.

"என்னடா பயம்? நான் எத்தனை நாளா இப்படி ஓட்டறேன், எனக்கென்ன ஆச்சு? அதை வெச்சுக்கிட்டு ஓட்டினா நீ எறும்பாவேதான் இருப்பே. கழட்டுடா."

தான் இப்படிப் பேசியதே அவருக்கு மறந்துபோயிருந்தது. சூப்பர்வைசர் சொல்வதற்கு முன்பே, அவ்வப்போது, தானாகவே கழற்றியிருக்கிறார். அந்தச் சிரிப்பைக் கேட்க அவருக்குக் கூசியது.

மனைவி மெதுவாகச் சொன்னாள். "முதல் மெசேஜ் மட்டும் போதுமே. கடைசியை அழிச்சுடலாம். யாருக்குத் தெரியும்?"

அவர் புதிய போனை எடுத்து இடது கையால் தட்டுத்தடுமாறி எறும்பின் நம்பரை ஸ்பீக்கரில் போட்டார். தண்ணீரில் விழுந்த போனை அவன் முதல் மணியிலேயே எடுத்தான்.

"அண்ணே, சாப்பாட்டு நேரம் முடியப்போகுது. சீக்கிரம் சொல்லுங்க."

"உன் மெஷின்ல தடுப்பு இருக்கா?"

"எங்கண்ணே, உங்க மெஷினையும் சேத்து நான்தான் ஓட்டறேன். ரெண்டுலயும் இல்ல."

"மாட்டு."

"சூப்பர்வைசர் கத்துவாரு." கொஞ்சம் தயங்கினான். "அவர் சொல்லி நான் கழட்டலைண்ணே. அவர் பேச்சை யார் நம்புவா? எக்ஸ்பிரஸ் அண்ணனே சொல்றாருன்னுதான் கழட்டினேன்."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னைக்குச் சொன்னதும் நான்தான், இப்பச் சொல்றதும் நான்தான். நாளைக்கு விசாரணையில அவர் குரல், என் குரல் ரெண்டையும் போட்டுக் காட்டப்போறேன். நீ முதல்ல போய் மாட்டு. மாட்டிட்டு எனக்கு ஒரு வார்த்தை அனுப்பு."

"பாக்கறேண்ணே" என்றான். பின்னால் வேலை மணி அடித்தது. போன் நின்றுவிட்டது.

எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று கேட்டபடி புதிய போன் காத்திருந்தது. மனைவி கையை நீட்டவில்லை. எல்லாவற்றையும் என்ற இடத்தை அவரே இடது கையால் அழுத்தினார். பிறகு எறும்பின் பதிலுக்காகத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் இறங்கியது, சூப்பர்வைசர் வந்து கதவைத் தட்டினார். பதில் இன்னும் வரவில்லை.