அவனுக்குச் சொன்ன கனவுகள்

கனவை அடித்துப் பிடுங்க முடியாது. என் புருஷன் இதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. மாமரத்தை உலுக்குவதுபோல என்னை உலுக்கினால் ஏதாவது விழும் என்று நம்பினான். மரியாதையாக 'அவர்' என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வாய் நிறைய 'என்னங்க' என்று கூப்பிட்டுக் குடித்தனம் செய்தவள்தானே நான். ஆனால் பேனாவில் 'அவன்' என்றுதான் வருகிறது, அப்படியே இருக்கட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. பினாங்குத் தீவின் டத்தோ கிராமாட்டில், ஈயம் உருக்கும் ஆலைக்குப் பின்னால் இருந்த பலகை வீட்டு வரிசையில் ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும் எங்களுக்கு. அவன் அந்த ஆலையில் உலைக்கு முன்னால் நிற்கிற வேலைக்காரன். வீடு திரும்பும்போது அவன் சட்டையிலிருந்து சூடு அடிக்கும். வெளியில் எல்லாரிடமும் தணிந்துதான் பேசுவான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முன்வரிசையில் முழங்கால் போடுவான். வீட்டுக்குள் வந்ததும் கதவுக்குப் பின்னால் தொங்கும் ரோத்தான் பிரம்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வான், பத்திரமாக இருக்கிறதா என்று.

பினாங்கில் அப்போது சாப்ஜிக்கி கட்டாத வீடு குறைவு. சீனர்கள் நடத்திய சூதாட்டம். போலீசுக்குத் தெரியக் கூடாது என்பார்கள், போலீஸ்காரன் பெண்டாட்டியும் கட்டுவாள். சிவப்பில் ஆறு காய், கறுப்பில் ஆறு காய். ராஜா, மந்திரி, யானை, வண்டி, குதிரை, பீரங்கி. அன்றைக்கு எந்தக் காய் விழும் என்று முன்கூட்டிச் சொல்லிக் காசு கட்ட வேண்டும். காயைக் காட்டிக்கொடுப்பது கனவுதான் என்பது எல்லாருடைய நம்பிக்கை. சீனர் வீடு, மலாய்க்காரர் வீடு, நம் வீடு என்ற பேதமே இல்லை. கப்பல் கண்டால் வண்டி, இடி கேட்டால் பீரங்கி, தீயும் ரத்தமும் சிவப்பு, இருட்டும் சேறும் கறுப்பு. எங்கள் வரிசைக்குக் காசு வாங்க வருபவள் பக்கத்து வீட்டுச் சீன அக்கா. பலகாரக் கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வருவாள், கூடையில் உண்மையாகவே பலகாரமும் இருக்கும்.

கலியாணமான புதிதில் ஒருநாள் காலை, தேநீர் ஆற்றிக்கொண்டே, ஒரு யானை கடலில் குளிப்பதாகவும் அதன் முதுகு செக்கச்செவேல் என்று இருந்ததாகவும் கனவு கண்டேன் என்று சொல்லித் தொலைத்தேன். அவன் சிவப்பு யானையைக் கட்டினான். சிவப்பு யானை விழுந்தது. சாயங்காலம் எனக்கு ஒரு பூப்போட்ட சாரோங் வாங்கி வந்தான். அதைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று அக்கம்பக்கத்துக்குக் காட்டினேன் பாருங்கள், என்னைப்போல் ஒரு மண்டு உண்டா! அன்றைக்குப் பிடித்தது சனி.

சேவல் கூவின பிறகு காணும் கனவுதான் பலிக்கும் என்று எங்கள் வரிசையில் எல்லாரும் சொல்வார்கள். மற்றவர்களுக்கு அது பேச்சு, அவனுக்குச் சட்டம். சேவல் கூவியதும் கொஞ்ச நேரம் காத்திருப்பான். பிறகு என் கொண்டையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்து, என்ன கண்டாய் என்று கேட்பான். தலைமயிரைப் பிடித்துத் தூக்கினால் எந்தக் கனவு நிற்கும்? ஞாபகமில்லை என்பேன். கன்னத்தில் அறை விழும். நிஜமாகவே மறந்துவிட்டது என்று அழுவேன். அதற்கு ரோத்தான். நான் நல்ல கனவுகளை ஒளித்துவைத்துச் சீன அக்காவுக்குக் கொடுக்கிறேன் என்று அவனுக்குச் சந்தேகம். முட்டாள்தனமான சந்தேகம்தான், ஆனால் முதுகில் விழுந்தது என்னவோ அசல் அடி.

முதல் பிள்ளை அப்படித்தான் போயிற்று. வயிற்றில் இருந்த பிள்ளை. ஒரு காலை ஞாபகமில்லை என்றேன், எட்டி உதைத்தான். கொல்லையில் துணி துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டு நான் குனிந்து நிற்க, கால் வழியாக இறங்கிக்கொண்டே இருந்தது. அவன் வாசல்படியில் நின்று பார்த்தான். முகம் வெளிறியிருந்தது, பயந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சிவப்பில் கட்டினான். ரத்தம் கண்டால் சிவப்புத்தானே. அன்றைக்கு விழுந்தது கறுப்பு. அதற்கும் சாயங்காலம் என்னைத்தான் அடித்தான்.

இதை எழுதும்போது இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. மன்னிப்பு, பொறுமை என்றெல்லாம் கோயிலில் சொல்வார்கள். அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் நின்றுவிட்டு வந்து சொல்லட்டும்.

மறுபடி உண்டானபோது ஒன்றே ஒன்றை முடிவு செய்தேன். இந்தப் பிள்ளை உயிரோடு வெளியே வர வேண்டும். அதற்குக் காலையில் என் வாயில் ஒரு கனவு இருக்க வேண்டும்.

முதலில் பொய்யாகக் கனவு கட்டிச் சொல்லிப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டான். காலையில் சொன்னதைச் சாயங்காலம் திருப்பிக் கேட்பான். குதிரை எந்தப் பக்கம் ஓடியது, யார் ஓட்டினார்கள் என்று குடைவான். நான் மாற்றிச் சொல்வேன், அடி விழும். கட்டின கனவு மறந்துபோகும், கண்ட கனவு மறக்காது. ஆகவே கண்டதையே பிடிக்கப் பழகினேன்.

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பயம்தான் சொல்லித்தந்தது. விழிப்பு வந்ததும் கண்ணைத் திறக்கக் கூடாது. புரளக் கூடாது. எந்தப் பக்கம் படுத்திருக்கிறோமோ அந்தப் பக்கமே கிடக்க வேண்டும், விரல்கூட அசையக் கூடாது. கனவின் வால் மட்டும் கையில் இருக்கும், ஒரு நிறமோ ஒரு வாசனையோ. அதை விடாமல் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் கனவின் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக வரும். வந்ததை மனசுக்குள் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட வேண்டும், அப்புறம் கொண்டையைப் பிடித்து உலுக்கினாலும் போகாது. படுக்கும்போதே, இன்றைக்கு ஞாபகம் இருக்கும் என்று ஜெபம்போலச் சொல்லிக்கொள்வேன். அவனுக்கு முன்பே விழித்துக்கொள்ளவும் பழகினேன். அவன் கை என் தலைக்கு வரும்போது கனவு தயாராக இருக்கும்.

அடி குறைந்தது, நிற்கவில்லை. கனவு இருந்தால் மட்டும் போதாது, அது ஜெயிக்கவும் வேண்டுமே.

இன்னொரு தொல்லையும் வந்தது. கனவுகள் நன்றாக ஞாபகம் வர ஆரம்பித்ததும், அவை பெரும்பாலும் ஒரே கனவுதான் என்று தெரிந்தது. அவன் ரோத்தானோடு துரத்துகிறான். நான் கடல் வற்றின சேற்றில் ஓடுகிறேன், கால் புதைகிறது. கையைத் தூக்கி முகத்தை மறைக்கப் பார்க்கிறேன், கை வரவில்லை. பகலில் வாங்குவது போதாதென்று தூக்கத்திலும் அதே அடி. எனக்கு எரிச்சல் வந்தது. பகலில் அவன் பலசாலி, சரி. என் கனவுக்குள் வந்து என்னை அடிக்க இவன் யார்?

ஒருநாள் மசாலா அரைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், இன்றைக்கு வந்தால் ஓடமாட்டேன், திரும்பி நிற்பேன் என்று. அரைக்கும்போதெல்லாம் இதையே சொன்னேன். சில நாள் கழித்துக் கனவில் திரும்பி நின்றேன். அடித்தான், ஆனாலும் நின்றேன். அடுத்து, கையில் ஏதாவது வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். என் கை பகலெல்லாம் எதைப் பிடித்திருந்ததோ அதுவே கனவிலும் வந்தது. அம்மிக் குழவி. முதலில் அது முருங்கைக் கட்டைபோல லேசாக இருந்தது. ஓங்கி அவன் தலையில் போட்டேன். விழுந்தான். விழுந்த பிறகும் போட்டேன். சேவல் கூவி வெகுநேரம் ஆகியிருந்தது. நான் விழித்தபோது அவன் கை என் கொண்டையில் இருந்தது.

வேறு கனவு எதுவும் அன்றைக்கு என்னிடம் இல்லை. முந்தின நாள் அடியில் ஒரு கண் மூடியிருந்தது, பொய் கட்டவும் தெம்பில்லை. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

"ஒங்களக் கொன்னுட்டேங்க. அம்மிக் கொழவியால."

வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவன் சிரித்தான். செத்துப்போவதாகக் கனவு கண்டால் ஆயுசு கெட்டி என்று நம் ஆட்கள் சொல்வார்கள் அல்லவா, அவனுக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. ரத்தம் நிறைய வந்ததா என்று ஆசையாகக் கேட்டான். நிறைய என்றேன். சிவப்பு ராஜாவைக் கட்டினான், அவன்தானே வீட்டுக்கு ராஜா. சிவப்பு ராஜாவே விழுந்தது. அன்றைக்கு வீட்டில் வாத்துக் கறி.

அதற்குப் பிறகு அவன் தினமும் கேட்டது ஒரே கேள்விதான்.

"இன்னிக்கு என்னக் கொன்னியா?"

கொன்றேன் என்று சொன்ன காலைகளில் அடி இல்லை. ஆகவே கொன்றேன். படுக்கும்போது அவனைக் கொல்வதாகச் சொல்லிக்கொண்டு படுத்தேன். விடிந்ததும் ஒன்று விடாமல் அவனுக்கே ஒப்பித்தேன். எங்கே நின்றான், குழவியை எப்படிப் பிடித்தேன், முதல் அடி இடது காதுக்கு மேலே, சாய்ந்ததும் அடுத்த அடி வாயில், பல் உடைந்த சத்தம். அவன் தேநீரைக் குடித்துக்கொண்டு கதை கேட்பதுபோலக் கேட்பான். சீன அக்கா மட்டும் ஒருநாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். எல்லாம் கனவுதான் என்றேன். "கனவுதான் லா, தங்கச்சி. ஆனா ஒன் மொகம் தூங்குற மொகமா இல்ல," என்றாள்.

நாளாக நாளாகக் கனவில் குழவி கனத்துக்கொண்டே வந்தது, கடைசியில் நிஜக் குழவியின் கனம் வந்துவிட்டது. அதைத் தூக்க எவ்வளவு மூச்சுப் பிடிக்க வேண்டும், தோளை எப்படித் திருப்ப வேண்டும் என்று என் உடம்புக்குத் தெரிந்துபோயிற்று. பயந்துபோய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கேட்டேன். தூக்கத்தில் செய்வது பாவமில்லை, விழித்த பிறகு அதற்கு மனம் சம்மதித்தால்தான் பாவம் என்றார். சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். என் மனம் முழுதாகச் சம்மதித்துத்தான் இருந்தது.

பிறகு சிவப்பு விழுவது நின்றது. நாள் தவறாமல் கறுப்பு. நான் எத்தனை ரத்தம் கொட்டினாலும் கறுப்பு. அவன் பேச்சு குறைந்தது. எனக்கு வயிறு நன்றாக மேலேறி, பிள்ளை உள்ளேயிருந்து முட்டும் மாதம்.

ஒருநாள் அதிகாலை வேலைக்குப் போக வேண்டியிருந்ததால், என்னிடம் எதுவும் கேட்காமலே போய்விட்டான். நடுப்பகலில் திரும்பி வந்தான். ஆலையில் யாரோடோ சண்டை, உதடு கிழிந்திருந்தது. முந்தின நாள் விழுந்த காயும் வழக்கம்போலக் கறுப்பு. நான் சமையல்கட்டில் குந்தி மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னால் ரோத்தான் உரசும் சத்தம் கேட்டது. முதல் அடி கழுத்தில், அடுத்தது காதோடு சேர்த்துக் கன்னத்தில். பொய்க் கனவு சொல்லி என்னை அழிக்கிறாயா என்று கத்தினான். நான் பக்கவாட்டில் சாய்ந்தேன். அவன் காலைப் பின்னால் இழுத்தான். அந்தக் காலை எனக்குத் தெரியும். அது எங்கே வந்து விழும் என்றும் தெரியும்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்ததாக ஞாபகமே இல்லை. குழவி தோளுக்கு மேலே இருந்தது, மிளகாய்ச் சாறு முழங்கைவழியாக ஒழுகியது. சேறு இல்லை. கை வந்தது.

அவன் கால் தரைக்கு வந்தது. என் கையைப் பார்த்தான், பிறகு தன் இடது காதைத் தொட்டுக்கொண்டான். அடுத்து எங்கே விழும் என்று அவனுக்கு நான் பாடமே நடத்தியிருந்தேனே.

"எறக்குடி," என்றான். குரல் ஏறவில்லை.

"இன்னிக்கு என்ன கண்டேன்னு நீங்க கேக்காமலே போயிட்டீங்க."

அவன் கண் குழவியைவிட்டு நகரவில்லை.

"இதே சமையக்கட்டு. நா மொளகா அரைச்சுக்கிட்டிருந்தேன். நீங்க ரோத்தானோட அங்கதான் நின்னீங்க. ஒதட்டுல ரத்தம்."

"எப்பக் கண்டே?"

"சேவல் கூவுன பெறகு."

ஆயுசு கெட்டி என்று சொல்லி அவன் சிரிக்கவில்லை. விடிகாலையில் கண்டது பலிக்கும் என்பது அவன் போட்ட சட்டம், அதன் பேரில்தான் என் முதல் பிள்ளை போயிற்று. இப்போது அந்தச் சட்டம் அவன் எதிரில் நின்றது. ரோத்தானைச் சுவரில் சாய்த்துவைத்தான், போட்டால் சத்தம் கேட்டு எனக்குக் கோபம் வந்துவிடும் என்பதுபோல மெதுவாக. பிறகு பின்னாலேயே நடந்து வெளியே போனான்.

அன்று விடிகாலையில் நான் எந்தக் கனவும் காணவில்லை. அயர்ந்து தூங்கியிருந்தேன். நான் கட்டின பொய்களில் அவன் பிடிக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அவனால் என் பக்கத்தில் தூங்க முடியவில்லை. நடைவாசலில் சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பான். உலைக்கு முன்னால் நின்றபடியே தூங்கி விழுகிறான் என்று ஆலையில் பேசிக்கொண்டார்கள். அம்மிக் குழவியைத் தூக்கிக் கொல்லையில் போட்டுப் பார்த்தான். நான் அதைக் கழுவி எடுத்து வந்து பழைய இடத்திலேயே வைத்தேன். அவன் விரல்கூட என்மேல் படவில்லை.

மகள் பிறந்தாள். முழுதாக, கத்திக்கொண்டு, கை கால் எல்லாம் உதைத்துக்கொண்டு பிறந்தாள்.

அவள் தலை நிற்கத் தொடங்கிய சமயம், ஒரு காலை அவன் தகரப் பெட்டியோடு வாசலில் நின்றான். அக்கரையில் ஏதோ தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது, படகுக்கு நேரமாயிற்று என்றான். நான் சுவரில் சாய்ந்து மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். படியில் ஒரு காலை வைத்தவன், திரும்பிப் பார்க்காமலே பழைய பழக்கத்தில் கேட்டான்.

"என்ன கண்டே?"

அன்றைய கனவு எனக்கு வால் முதல் தலை வரை ஞாபகம் இருந்தது.

"மறந்துட்டேன்," என்றேன்.

பிறகு பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு படி இறங்கிப் போனான். நான் மகளை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.