சஜ்ஜா காலியான பிறகு

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் முதல் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். அங்கே என்ன விற்றோம் என்பதை என் சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை புரியவைக்க முடிந்ததில்லை. பெட்டிக்குள் விமானமோ கப்பலோ ரயில் இன்ஜினோ பிளாஸ்டிக் துண்டுகளாக இருக்கும். வாங்கியவர் வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து உருவாக்க வேண்டும். "ஓ, பொம்மைக் கடையா?" என்பார்கள். என் கணவருக்கு முகம் சிவந்துவிடும். அதற்காக அவர் கம்பெனி வேலையையே விட்டிருந்தார். என்னைக் கேட்டால் அது கடையே இல்லை, வியாதி.

அந்த வியாதிக்காரர்கள் இருபது பேர் இருப்பார்கள். எல்லோரும் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள். ஒரு பெட்டியை ஒட்டி முடிப்பதற்குள் நாலு பெட்டி வாங்குவார்கள். வாங்கியதைப் பிரிக்கவும் மாட்டார்கள். "ரிடையர் ஆனப்புறம் ஒட்டுவேன்" என்று வீட்டில் கூரையை ஒட்டிய சஜ்ஜாவில், அதாவது பரணில், ஏற்றி வைப்பார்கள். ரிடையர் ஆனவர்களும் அதையேதான் சொன்னார்கள். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே அந்தச் சஜ்ஜாக்களால்தான். அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஒட்ட ஒரு நீள மேஜை போட வேண்டும் என்பது என் கணவரின் கனவு. பிரேசர் டவுனில் முதல் மாடியில் ஒரு ஹால் கிடைத்தது. பெரிய ஜன்னல்கள், நல்ல வெளிச்சம். ஆனால் வீட்டுக்காரர் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டார். கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். பெங்களூரில் கடையை மாற்றிப் பார் என்றும் சேர்த்துக்கொள்ளலாம்.

வழி சொன்னது, விமானத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு வாடிக்கையாளர். எல்லோருக்கும் அவர் 'சார்'.

"ஆளுக்கு ரெண்டு பொட்டி திருப்பிக் குடுக்குறோம் தம்பி. சும்னே சஜ்ஜா மேல தூங்கினு கெடக்குது. பழைய பொட்டிக்கு இப்ப நல்ல டிமாண்டு. நீ ஆன்லைன்ல வித்து அட்வான்ஸுக்குப் போட்டுக்கோ" என்றார்.

என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையைத் தத்துக் கொடுப்பதுபோல ஆளுக்கு இரண்டு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

அடுத்த வாரம் அவர்களுடைய மனைவிமார் வந்தார்கள், ஆட்டோ நிறையப் பெட்டிகளோடு.

"அக்கா, இதையும் எடுத்துக்கோங்க. அவர் கேட்டா நான் பேசிக்கிறேன். கல்யாணமான நாள்லேர்ந்து சூட்கேஸ் வைக்க எடமில்ல" என்றாள் ஒருத்தி.

நானும் அதே ஜாதி மனைவிதானே. டீ போட்டுக் கொடுத்து, சேர்ந்து சிரித்து, எல்லாவற்றையும் வாங்கி அடுக்கினேன். சாரின் மனைவி இரண்டு நடை ஆட்டோவில் வந்தார். இரண்டாம் நடையில் சாரே பின்னாலேயே வந்தார். கையில் ஒரு நீளமான கப்பல் பெட்டி.

"இதுவும் போகட்டும்மா. அங்க மேஜை வருதில்ல, வேற வாங்கி நிம்மதியா உக்காந்து ஒட்டிக்கிறேன்" என்றார்.

பெட்டிகள் எந்தெந்த ஊருக்கோ போயின. அட்வான்ஸில் இன்னும் குறைந்த தொகைக்கு என் வளையல்கள் அடகுக்குப் போயின. புது ஹாலில் பால் காய்ச்சினோம். ஆசாரி வந்து தேக்கில் நீள மேஜை செய்து கொடுத்தார். முதல் நாள் எல்லோரும் வந்து கேசரி சாப்பிட்டு, மேஜையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிறு ஐந்து பேர் வெறுங்கையோடு வந்து பேசிவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த ஞாயிறு யாரும் இல்லை.

"மழை" என்றார் என் கணவர். பிறகு "டிராபிக்" என்றார். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார்.

பொறுக்க முடியாமல் நான் விவேக் நகரில் சார் வீட்டுக்குப் போனேன். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சஜ்ஜாவுக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். சூட்கேஸ்கள், மிக்ஸி அட்டைப்பெட்டி, கிறிஸ்துமஸ் குடில் சாமான் எல்லாம் வரிசையாக இருந்தன.

"ஏன் சார் கடைப் பக்கமே வர்றதில்ல?"

"வாங்கினா எங்க வெக்கிறதும்மா?" என்று மேலே கை காட்டினார். "முன்னெல்லாம் அண்ணாந்து பார்த்தா ஒட்டணும், இன்னொண்ணு வாங்கணும்னு தோணும். இப்ப ஒண்ணும் தோண மாட்டேங்குது. நிம்மதியாத்தான் இருக்குதும்மா" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. நுனி மரத்தில் உட்கார்ந்துகொண்டு அடி மரத்தை வெட்டிய கதைதான். ஊரிலிருந்த வியாதியை எல்லாம் நாங்களே குணப்படுத்திவிட்டு, பெரிய ஆஸ்பத்திரி கட்டி உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்தபோது என் கணவர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு துணியை எடுத்து மறுமுனையிலிருந்து துடைத்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் மாலை சார் படியேறி வந்தார். என் கணவர் துள்ளி எழுந்து எல்லா விளக்கையும் போட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டார். சார் கொடுத்த அதே கப்பலை எங்கேயோ தேடி வரவழைத்து வைத்திருந்தார் போல. எனக்கே தெரியாது. அந்தப் பெட்டியை எடுத்துவந்து மேஜை நடுவில் வைத்தார். சார் மூடியை ஒருமுறை தடவினார்.

"அழகு" என்றார். பிறகு பையிலிருந்து பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்தார். அவர் மனைவியின் செருப்பு. "வார் பிஞ்சுடுச்சு தம்பி. உங்கிட்ட இருக்கிற பசை இதுக்குப் புடிக்குமா?"

என் கணவர் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கப்பலை ஓரமாகத் தள்ளி வைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உப்புத்தாளால் பிய்ந்த இடத்தைத் தேய்த்து, ஊசி முனையால் பசை வைத்து, விமான இறக்கையைப் பிடித்து வைக்கும் கிளிப்பை இரண்டு பக்கமும் மாட்டினார். அந்த மேஜையில் முதன்முதலாக ஒட்டியது அதைத்தான்.

"காயறதுக்கு அரை மணி ஆகும் சார், உக்காருங்க" என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.