ஈரச் சாக்கோடு நின்ற அண்ணன்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் எழுதும்படி அண்ணி கேட்டபோது, நல்லதை மட்டும் எழுதுவதென்றால் வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்றேன். அண்ணி, "நீயே எழுதும்மா" என்றார். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உறவினர்களும் நண்பர்களும் முழுதும் படித்துவிட்டு அண்ணனை எடை போட வேண்டுகிறேன்.

அண்ணன் திருமழபாடியில் பிறந்தார். நாங்கள் இரண்டே பிள்ளைகள். அவருக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது எங்கள் சித்தியின் சேலையில் அடுப்புத் தீ பற்றியது. சித்தி கொள்ளிடத்தைப் பார்த்து ஓடினார். ஓட ஓடத் தீ பெரிதாயிற்று. பின்னால் ஓடியவர்களில் ஒருவருக்குக்கூட, கீழே படுத்து உருளச் சொல்லத் தெரியவில்லை. சித்தி கரையை எட்டவில்லை. அண்ணன் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுத் திருச்சிக்குப் போய் மோட்டார் காயில் கட்டக் கற்றுக்கொண்டார். என்னை உடையார்பாளையம் பக்கம் இந்த ஊரில் கட்டிக்கொடுத்த பிறகு, நான் தனித்துவிடக் கூடாதென்று இதே ஊர் பேருந்து நிறுத்தத்தில் கடை வைத்தார். அண்ணியும் இங்கே வந்து சேர்ந்தார். சுற்று வட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் எரிந்தாலும் அண்ணன் கடைக்குத்தான் வரும்.

தொண்ணூறுகளின் கடைசியில், டவுன் தீயணைப்பு நிலையத்தார் ஊருக்குச் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். வண்டி வந்து சேர்வதற்குள் கூரை சாம்பலாகிவிடுகிறது, அதுவரை உள்ளூர்க்காரர்கள் சமாளிக்க வேண்டும், அதைவிடத் தீயே வராமல் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். எங்கள் ஊரிலிருந்து அண்ணன் பெயர் கொடுத்தார். சம்பளம் கிடையாது. ஒரு காக்கிச் சட்டை கொடுத்தார்கள்.

அந்தச் சட்டையிலிருந்தே வினை ஆரம்பித்தது. நாங்கள் குடியிருந்த கீழத்தெருவில் வீடு வீடாகப் போய், பருத்திமார் விறகை அடுப்படியில் அடுக்காதீர்கள், எரியும் விளக்கில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், தீப்பிடித்தால் சாமானை எடுக்க உள்ளே போகாதீர்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். சம்பளம் இல்லாமல் ஒருவர் எதற்காக அடுத்தவர் அடுப்படியை எட்டிப் பார்க்கிறார் என்று ஊர் யோசித்தது. போலீஸுக்கு உளவு பார்க்கிறார் என்றார்கள். குடிசைகளைக் கணக்கெடுத்துக் காலி செய்யப் போகிறார்கள் என்றார்கள். மாரியம்மன் கோயில் முன்னால் வைக்கோலைக் கொளுத்தி ஈரச் சாக்கால் அணைத்துக் காட்டியபோது, வந்தவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அண்ணன் அதன் பிறகு அந்தச் சட்டையைப் போடவில்லை.

கீழத்தெருவில் பாதி வீட்டுக்கு மின் இணைப்பு இல்லை. கம்பத்துக் கம்பியில் கொக்கி மாட்டித்தான் விளக்கெரிந்தது. எங்கள் வீடும் அப்படித்தான். அண்ணன் கொக்கிகளையும் பார்த்துவிட்டுப் போன மூன்றாம் வாரம், மின்வாரிய ஆட்கள் ஜீப்பில் வந்து பதினோரு வீட்டுக் கம்பிகளையும் அறுத்துச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

யார் சொன்னது என்று யாரும் கேட்கவே இல்லை. எல்லாருக்கும் ஒரே பெயர்தான் வாயில் வந்தது. பக்கத்து வீட்டுச் செல்வராசு தெருவில் நின்றுகொண்டு, காயில்காரன் இனி இந்தத் தெருவில் கால் வைக்கட்டும் பார்க்கலாம் என்று சத்தம் போட்டார். என் மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்தினார். நான் கடைக்குப் போனேன்.

"நீங்கதான் சொன்னீங்களாண்ணே?"

அண்ணன் கையிலிருந்த செம்புக் கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் சொல்லல பாப்பா" என்றார்.

நான் நம்பவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் டீக்கடையில் அவர் லைன்மேனோடு பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். அன்றிலிருந்து அண்ணன் வீட்டுப் படியேறுவதை விட்டுவிட்டேன்.

அடுத்த கோடையில் தெருவே முந்திரிக் காட்டுக்கு வேலைக்குப் போயிருந்தது. எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. நடுப்பகலில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருமுனைப் புளிய மரத்தடியில் அண்ணன் நின்றிருந்தார். காலடியில் தண்ணீர் வாளி, தோளில் ஈரச் சாக்கு. ஆளில்லாத தெருவில் இவருக்கு என்ன வேலை என்று மனம் கறுத்தது. கதவைச் சாத்திக்கொண்டேன்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. செல்வராசு வீட்டுக் கூரையிலிருந்து புகை கிளம்பியது. உள்ளே அவர் மகள் பூங்கொடி இருந்தாள், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள், கைக்குழந்தையோடு. நான் வெளியே ஓடி வருவதற்குள் அண்ணன் உள்ளே போய்விட்டார். முதலில் குழந்தையை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். மறுபடி உள்ளே போய்ப் பூங்கொடியை இழுத்து வந்து மண்ணில் உருட்டினார். அவருடைய வலது கை முழங்கைவரை வெந்திருந்தது. கூரை அதன் பிறகுதான் இறங்கியது. மூன்று வீடுகள் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை.

காட்டிலிருந்து ஓடி வந்தவர்கள் அணைந்த வீட்டைப் பார்த்தார்கள், பிறகு அண்ணனைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் முன்னால் இவர் எப்படி வந்தார்? சாக்கை யார் நனைத்து வைத்தது? தான் சொன்னதை ஊர் கேட்க வேண்டும் என்பதற்காகத் தானே கொளுத்திவிட்டார் என்று செல்வராசு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார். விசாரிக்க வந்த காவலர், பார்த்ததைச் சொல்லும்மா என்றார். நான் சொன்னேன்.

"தீப்புடிக்கிறதுக்கு முன்னாலேயே சாக்கோட நின்னாருங்க."

வெந்த கைக்குக் கட்டுப் போட்டதுமே அண்ணனை நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். என் வார்த்தையால் அண்ணன் அந்த இரவு முழுவதும் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பூங்கொடி ஆஸ்பத்திரியில் வாய் திறந்தாள். தகப்பனாருக்குப் பயந்து முதல் நாள் பேசாமல் இருந்திருக்கிறாள். "வூட்டுக்குள்ள பகல்லயே இருட்டு. வெளக்கு எரியறப்பவே சீமெண்ணெய் ஊத்திட்டேன். அவரு வரலன்னா எம்புள்ள இல்லைங்க" என்றாள். அண்ணனை விட்டுவிட்டார்கள்.

அவர் காலில் விழுந்து அழுதேன். தூக்கிவிட்டு, "நீ பார்த்ததத்தான சொன்ன" என்றார். அந்தக் கோடைக்குப் பிறகு ஊர்ப் பெண்கள் தாங்களாகவே வந்து அவரிடம் பாடம் கேட்டார்கள். கல்லங்குறிச்சித் திருவிழாக் கூட்டத்தில் தொண்டு செய்யவும் தீயணைப்பு நிலையத்தார் அவரை அழைத்துப் போனார்கள். ஆனால் கம்பி அறுத்த விஷயத்தை மட்டும் தெரு மறக்கவில்லை. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் சண்டைக்கு நின்றேன். என் அண்ணன் அப்படிச் செய்யவில்லை என்று மாமியாரிடம் பிள்ளைகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

சென்ற ஆண்டு நுரையீரல் நோய் முற்றி, திருச்சியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு மத்தியானம் அண்ணி கஞ்சி எடுத்து வர உள்ளே போயிருந்தபோது அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"கரண்டு ஆபீஸ்ல நான்தான் பாப்பா சொன்னேன். செல்வராசு வூட்டுக் கம்பி கூரையில பொறி தட்டிக்கிட்டு கெடந்துச்சு. மூணு தடவ சொல்லியும் கேக்கல. அந்த ஒரு கம்பியத்தான் சொன்னேன். பதினொண்ணையும் அறுப்பாங்கன்னு நெனைக்கல."

மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துத் தொடர்ந்தார்.

"அதுக்கப்புறம்தான் எல்லா வூட்லயும் சிம்னி வெளக்கு வந்துச்சு. அதான் தெனமும் பகல்ல சாக்க நனச்சிக்கிட்டு அங்க போயி நின்னேன். நீ நம்பாதப்ப எனக்கு வலிக்கல. அப்பறம் நம்புன பாரு, அத தாங்க முடியல. எல்லார்கிட்டயும் சொல்லிடு."

எனக்குக் கோபம்தான் வந்தது. பொய்ச் சத்தியம் செய்ய வைத்துவிட்டாரே என்று கையை உதறிக்கொண்டேன். கஞ்சியோடு அண்ணி வந்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நான்கு நாள் கழித்து அவர் காலமானார். அதற்குள் கோபம் தீர்ந்து நான் ஒரு வார்த்தை நன்றாகப் பேசியிருந்தேன் என்பது மட்டும்தான் ஆறுதல்.

திருச்சிக்கும் வீட்டுக்கும் அலைந்த நண்பர்களுக்கும், காக்கிச் சட்டையோடு வந்து பாடை தூக்கிய தொண்டர்களுக்கும், அன்று கைக்குழந்தையாக இருந்த பிள்ளையை அழைத்து வந்து மாலை போடச் செய்த பூங்கொடிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பதினோரு வீட்டாருக்கும் அண்ணன் சார்பில் என் மன்னிப்பு.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் செல்வராசுவைப் பார்த்து இதையெல்லாம் சொன்னேன். இது புத்தகத்தில் வருமா என்று கேட்டார். வரும் என்றேன்.

"போடும்மா. ஆனா எரியற வூட்டுக்குள்ள மொதல்ல போனவரும் அவருதான்னு சேத்துப் போடு."