ஃபெமினா ஏற்றிய எஞ்சின்

துடியலூரில் என் மருமகள் ஃபெமினா கைவைத்த கார், மேட்டுப்பாளையம் போய்த் திரும்புவதற்குள் இங்கே ஊற்றிய காபி ஆறாது. சரி, கூட்டித்தான் சொல்கிறேன். காபி ஆறிவிடும், ஈ மொய்த்திருக்காது.

பீளமேட்டில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தவளை, ஒரு சர்வீஸ் சென்டர்காரன் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னான். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் வேலையை உதறிவிட்டு, எங்கள் வீட்டு ஷெட்டில் லேப்டாப்பை வைத்து, சின்ன டர்போ கார்களின் எஞ்சினை ஆட்டிவைக்கும் புரோகிராமைத் திருத்த ஆரம்பித்தாள். டர்போ கூடுதலாகக் காற்றை அழுத்தும், வண்டி துள்ளும். வருகிறவர்களிடமெல்லாம் இதையும் சொல்லுவாள்: "புரோகிராமைத்தானுங்க மாத்த முடியும். பிஸ்டன் கம்பெனி போட்டதேதான்."

வெள்ளகோவிலில் நூல் மில் நடத்தும் கிருபாசங்கருக்கு அது காதில் ஏறவில்லை. "இன்னுங் கொஞ்சம் ஏத்துங்க அம்மணி" என்று திரும்பத் திரும்ப வந்து நின்றார். சின்னக் காரை வாங்கிவிட்டு ராக்கெட் கேட்கிற ஜாதி! அவளும் எஞ்சின் தாங்குகிற அளவுக்கு ஏற்றிக்கொடுத்து, "இனி பிரீமியம் பெட்ரோல் மட்டுந்தானுங்க. சாதா போட்டா எஞ்சின் உள்ளுக்குள்ள தட்டும், பிஸ்டன் ஒடஞ்சுபோயிரும்" என்று சொல்லி அனுப்பினாள். அவர் தலையை ஆட்டினார்.

போன வாரம் அந்தக் கார் லாரிமேல் ஏறி வந்தது. பிஸ்டன் உடைந்திருந்தது. கிருபாசங்கரும் அவர் மனைவி மோகனப்பிரியாவும் கூடவே வந்து இறங்கினார்கள். கிருபாசங்கர்தான் ஆரம்பித்தார்.

"உங்க வேலைலதான் தப்புன்னு எங்க கார் வாட்ஸ்அப் குரூப்ல நீங்களே வாய்ஸ் போடோணுமுங்க. இல்லாட்டி நான் போடுவேன். அப்புறம் ஒரு வண்டி இந்தப் பக்கம் வராதுங்க."

கடையை மூட வைப்பதையும் எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார் பாருங்கள்!

ஃபெமினா நிதானமாகக் கேட்டாள். "பெட்ரோல் எங்கீங்க போட்டீங்க?"

"எப்பவும் எங்க மாமனார் பங்க்குதானுங்க. அங்க பிரீமியம் இல்லீங்க. வேற பங்க்குல போய் நின்னா, பொண்ணு குடுத்த ஊட்டை மதிக்கலைன்னு ஆயிருமுங்க."

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏனுங்க, மாமனாருக்கு மரியாதை செய்யறதுக்கு எம்மருமக பொழப்புத்தான் கெடைச்சுதா? கிளிப்பிள்ளைக்குச் சொல்றாப்பல சொன்னாளே! தலையை ஆட்டிப்போட்டுப் போய் சாதா பெட்ரோலை ஊத்துனது நீங்க. ஊத்துன கைதானுங்க தப்பு!"

கிருபாசங்கர் வாயைத் திறக்குமுன் மோகனப்பிரியா குறுக்கே வந்தார்.

"இல்லீங்கம்மா, ஊத்துன கை என்னுதுங்க. தெனமும் வண்டி ஓட்டறது நானு. வண்டி எடுக்க வந்த அன்னிக்கு நான் காருக்குள்ளயேதான் உக்காந்திருந்தேன். அக்கா வெளிய நின்னு இவருகிட்ட மட்டுந்தான் சொன்னாங்க. எங்கிட்ட இவருஞ் சொல்லல, அக்காவுஞ் சொல்லல. சாதா பெட்ரோல் ஊத்துனதாலதான் ஒடஞ்சுதுன்னு வாய்ஸ் நானே போடறேனுங்க, எங்கப்பா பங்க்கு பேரையும் சேத்து."