துண்டுக்கு அடியில் பேசிய விலை

வீட்டுத் தரகர்களும் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருடமாகப் பினாங்கில் வீடு விற்கிறவரையும் வாங்குகிறவரையும் சேர்த்துவைத்தே பிழைத்தவன். லைசென்ஸ் கிடைக்காவிட்டால் வேறு தொழில் தெரியாது. சமையல் தெரியும் என்று சொன்னால் மனைவி சிரிப்பாள்.

இரவல் கோட்டு, அதன் மேல் வழக்கமான துண்டு. அப்படித்தான் லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போனேன். கோட்டுப் பொத்தான்களுக்கும் என் வயிற்றுக்கும் ஒத்துப்போகவில்லை. வெள்ளைக்காரத் துரை கேட்டதை அங்கே குமாஸ்தாவாக இருந்த யாழ்ப்பாணத்துக் கிராணி தமிழில் சொன்னார்.

"விலையை எப்பிடி முடிக்கிறனீர் எண்டு துரை கேக்கிறார்."

செய்தே காட்டிவிடலாம் என்று தோன்றியது. என் புத்தி அப்படி. துண்டைக் கிராணியின் கைமேல் போர்த்தி, அடியில் அவர் விரல்களைப் பிடித்து அழுத்தினேன். எத்தனை விரலோ அதுதான் விலை. சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாமல் வாங்குகிறவரிடம் ஒரு முறை, விற்கிறவரிடம் ஒரு முறை.

"ஐசே, கையை விடும்! கூசுது!"

துரை சிரிக்கவில்லை. ஏதோ கேட்டார்.

"ரெண்டு பேரிட்டையும் ஒரே விலைதான் சொன்னீர் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தாங்க தெரியும்."

கிராணி பேனாவைக் கீழே வைத்தார். "நீர் சொன்னதைத் துரையிட்டை அப்பிடியே சொல்லட்டோ? யோசிச்சுப் பாரும்."

"சொல்லுங்கய்யா. வேற பதில் இருந்தா நானே சொல்லியிருக்க மாட்டேனா?"

சொன்னார். துரை வெகுநேரம் எழுதினார். போச்சு என்று பொத்தானை அவிழ்த்து மூச்சு விட்டேன். ஆனால் லைசென்ஸ் கிடைத்தது, ஒரு வருடத்துக்கு மட்டும். விலையை இரண்டு பேரும் கேட்கும்படி வாயால் சொல்ல வேண்டும். கைமேல் துண்டைப் போர்த்தினால் லைசென்ஸ் பறிபோகும்.

மறுவாரம் ஆயர் ஈத்தாமில் கணவரை இழந்த ஓர் அக்காவின் வீடு விலைக்கு வந்தது. பெண்கள் கையைத் தரகர் பிடிக்க முடியுமா? அதனால் கொழுந்தனார்தான் அவருக்காகக் கை கொடுப்பார். அன்றும் நீட்டினார். துண்டு தானாகவே என் தோளிலிருந்து இறங்கியது. பிடித்து மறுபடி மேலே போட்டேன்.

"இனிமே அது கூடாதுலா அண்ணே."

வாங்க வந்தவர் கொடுப்பதாகச் சொன்ன விலையை உரக்கச் சொன்னேன். குரல் கீச்சென்று உடைந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா வெளியே வந்தார். "இவ்வளவுதானா? பின்னாடி கெணறு இருக்கு, பதினாறு தென்னை இருக்கு. எண்ணிப் பாத்தாரா?"

"அண்ணி, நான் பேசிக்கிறேன்."

"போன தடவை தோட்டத்தை வித்தப்பவும் நீங்கதான் பேசுனீங்க. என்ன பேசுனீங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

வாங்க வந்தவர் தென்னையை எண்ணப் போனார். நானும் கூடப் போனேன். பதினேழு இருந்தது. அவர் விலையை ஏற்றினார். திரும்பி வந்து அதையும் உரக்கச் சொன்னேன். இந்தத் தடவை குரல் ஒழுங்காக வந்தது.

"சரி" என்றார் அக்கா, கொழுந்தனார் பக்கம் திரும்பாமலே.

நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அதற்குத் தடை இல்லை.